பிரிட்டனின் செசில் குடும்பம் 400 வருஷம் அரசியலில் நின்றது எப்படி?

முதலாம் ஜேம்ஸ் மன்னரின் தலைமை மந்திரியும் சாலிஸ்பரி, விக்டோரியா மகாராணியின் பிரதமரும் சாலிஸ்பரி, 1957-இல் மந்திரிசபையை விட்டு வெளியேறியவரும் சாலிஸ்பரி. இவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களா, பரம்பரைப் பட்டம் இருந்ததால்தான் பதவி வந்ததா என்பது கேள்வி.

ஒரே வீட்டுக்காரர்கள்தான். செசில் என்பது குடும்பப் பெயர். ஆனால் பட்டம்தான் பதவியைக் கொடுத்தது என்று முடிவுகட்டினால் இந்தக் குடும்பத்தின் கதையே பிடிபடாமல் போய்விடும். செசில்களில் நாட்டை உண்மையில் நடத்தியவர்கள் நான்கு பேர். முதலாமவர் வில்லியம் செசில். பட்டம் எதுவும் இல்லாத வீட்டில் பிறந்தவர். இரண்டாமவர் அவருடைய இளைய மகன் ராபர்ட். மூன்றாமவர் விக்டோரியா காலத்துப் பிரதமர் சாலிஸ்பரி. பட்டம் தனக்கு வராது என்ற நிலையில் வளர்ந்த இளைய மகன். நான்காமவர் ஆர்தர் பால்ஃபர், அந்தப் பிரதமரின் அக்காள் தங்கை வழி மருமகன். மூத்த வாரிசாகப் பிறந்து நாட்டின் தலைமைக்கு வந்தவர் இந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை. மூத்தவர்கள் சொத்தையும் பிரபுக்கள் சபையையும் காத்தார்கள். ஆட்சி இளையவர்கள் கைக்குப் போனது.

மேலே போகுமுன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரிட்டிஷ் வரலாறு படிப்பவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். அந்த நாட்டுச் சட்டப்படி பட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர் மட்டுமே பிரபு. அவருடைய பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமக்கள். தேர்தலில் நின்று காமன்ஸ் சபைக்குப் போகலாம். ஆனாலும் மரியாதைக்காக அவர்களை ஒரு பட்டப்பெயர் சொல்லி அழைப்பார்கள். மார்க்விஸ் என்பது ஏர்லுக்கு மேலான பிரபுப் பட்டம். சாலிஸ்பரி மார்க்விஸின் மூத்த மகன் 'கிரான்போர்ன் வைகவுன்ட்'. இளையவர்கள் 'லார்ட் ராபர்ட்', 'லார்ட் ஹியூ' என்று சொந்தப் பெயரோடு லார்ட் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே 1853-இல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதியில் போட்டியின்றி உறுப்பினரான லார்ட் ராபர்ட் செசில், 1865-இல் அண்ணன் இறந்தபின் வந்த லார்ட் கிரான்போர்ன், 1868-இல் அப்பா இறந்தபின் வந்த லார்ட் சாலிஸ்பரி, மூவரும் ஒரே ஆள். 1919-இல் உலக நாடுகள் சங்கத்துக்காக உழைத்த லார்ட் ராபர்ட் செசில் அவர் இல்லை; அவருடைய மகன். ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் ஒருவராகிவிடுவார்கள். இன்னொன்று: குடும்பத்தார் தங்கள் பெயரை 'சிசில்' என்றுதான் உச்சரிப்பார்கள். தமிழில் செசில் என்று நிலைத்துவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

வில்லியம் செசில் 1520-இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர். வேல்ஸ் எல்லையிலிருந்து வந்து ஏழாம் ஹென்றியின் ஆட்சியில் முன்னேறிய டேவிட் செசிலின் பேரன். 1558-இல் எலிசபெத் அரியணை ஏறியதும் செயலராக நியமித்தது இவரைத்தான். 1571-இல் பர்லி பிரபு, 1572-இல் பொருளாளர், 1598-இல் சாகும்வரை அரசியின் வலது கை. நாற்பது வருஷம் ஒரே எஜமானியிடம் தாக்குப்பிடித்தார் என்பதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அவருக்கு முன் இருந்தவர்கள் பலர் தலையை இழந்தவர்கள்.

அவர் கையில் இருந்த பதவிகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1561 முதல் அவர் கோர்ட் ஆஃப் வார்ட்ஸின் தலைவர். நம் ஊர் ஜமீன்களில் வாரிசு மைனராக இருந்தால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான், ஆனால் அங்கே அது வியாபாரம். அரசியிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் சிறுபிள்ளையை விட்டுவிட்டு இறந்தால், அந்தப் பிள்ளையின் பாதுகாப்புரிமை அரசுக்கு வரும். அந்த உரிமையை விற்கலாம். வாங்கியவர் நிலத்தின் வருமானத்தை எடுத்துக்கொள்வார், பிள்ளைக்குப் பெண் பார்ப்பதும் அவர் கையில். யாருக்கு எந்தப் பிள்ளை என்று தீர்மானிக்கும் நாற்காலியில் வில்லியம் 37 வருஷம் உட்கார்ந்திருந்தார். சில இளம் பிரபுக்கள் அவர் வீட்டிலேயே வளர்ந்தார்கள். பணமும் அங்கிருந்து வந்தது, நாட்டின் பெரிய குடும்பங்களின் உள்விவகாரமும் அங்கிருந்தே தெரிந்தது. அவருக்குப்பின் 1599-இல் அந்தப் பதவி மகன் ராபர்ட்டிடம் போனது. பட்டத்தைவிட இந்த ஒரு பதவிதான் குடும்பத்தை ஊன்றியது என்பது என் கணிப்பு.

மூத்த மகன் தாமஸுக்குப் பட்டமும் பர்லி மாளிகையும் போயின. இளையவர் ராபர்ட் குள்ளமானவர், முதுகு வளைந்தவர். அரசியும் மன்னரும் அதைச் சொல்லியே செல்லப்பெயர் வைத்தார்கள். அப்பா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காகித வேலை பழக்கினார். எலிசபெத்துக்கு வாரிசு இல்லை. அடுத்த மன்னர் யார் என்று வாய்திறப்பதே ஆபத்து. அந்தச் சமயத்தில், 1601 முதல், ராபர்ட் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸுடன் ரகசியக் கடிதம் நடத்தினார். கடிதங்களில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். ராபர்ட் 10, எலிசபெத் 24, ஜேம்ஸ் 30. 1603 மார்ச் 24 அதிகாலை அரசி இறந்தார். அன்று காலையே ஜேம்ஸை மன்னராக அறிவித்தார்கள். ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. 1605 மே 4-ஆம் தேதி அண்ணன் எக்ஸெட்டர் ஏர்ல், தம்பி சாலிஸ்பரி ஏர்ல் என்று ஒரே நாளில் இரண்டு பட்டங்கள். அன்று பிரிந்த இரண்டு கிளைகள் இன்றும் இருக்கின்றன.

1607-இல் ஜேம்ஸ், ராபர்ட்டின் தியோபால்ட்ஸ் மாளிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஹாட்ஃபீல்டைக் கொடுத்தார். எலிசபெத் சிறுவயதில் வளர்ந்த பழைய அரண்மனையின் பெரும்பகுதியை இடித்து, அந்தச் செங்கல்லையும் பயன்படுத்திப் பக்கத்தில் புது மாளிகை கட்டினார் ராபர்ட். 1611-இல் வேலை முடிந்தது. 1612-இல் அவர் இறந்துவிட்டார். அந்த வீடு இன்றும் குடும்பத்திடம்தான் இருக்கிறது. தந்தையும் மகனும் சேர்த்த அரசு ஆவணங்களும் அங்கேயே இருக்கின்றன.

அதன்பின் ஏறத்தாழ 200 வருஷம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பட்டம் இருந்தது, நிலம் இருந்தது, பிரபுக்கள் சபையில் இடம் இருந்தது, வேலை செய்யும் ஆள் இல்லை. 1789-இல் ஏர்ல் பட்டம் மார்க்விஸாக உயர்ந்ததுகூட அரண்மனைப் பதவியின் பலன். பட்டமே போதும் என்றால் இந்த 200 வருஷமும் அவர்கள்தானே ஆண்டிருக்க வேண்டும்? 1821-இல் இரண்டாம் மார்க்விஸ், காஸ்காய்ன் என்ற செல்வந்தர் வீட்டு ஒரே வாரிசைக் கல்யாணம் செய்துகொண்டார். காஸ்காய்ன்-செசில் என்று பெயர் நீண்டதும் வீட்டுக்குப் புதுப்பணம் வந்ததும் அப்படித்தான்.

இனி மூன்றாம் மார்க்விஸ். இவரிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் இவர் கையில் இருந்தது.

1830-இல் பிறந்தார். தாயைச் சிறுவயதிலேயே இழந்தவர். ஈட்டன் பள்ளியில் மற்ற பையன்கள் அடித்துத் துன்புறுத்தியதில், 1845-இல் பள்ளியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1857-இல் அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம். பெண் ஒரு நீதிபதியின் மகள், பணம் போதாது என்பது அப்பாவின் குறை. அதனால் பத்திரிகைகளில் பெயர் போடாமல் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்தினார். மார்க்விஸின் மகன் கூலிக்கு எழுதிப் பிழைத்த அந்தப் பத்து வருஷம்தான் அவரை உருவாக்கியது. ஐரோப்பிய அரசியல், வரிக்கணக்கு, தேர்தல் புள்ளிவிவரம் எல்லாம் அதில் படிந்தன. 1867 பிப்ரவரியில் அவருடைய அரசின் நிதிமந்திரி டிஸ்ரேலி வாக்குரிமையை விரிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது, வாரக் கடைசியில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கணக்குப் போட்டுப் பார்த்து, சிறு ஊர்களில் தன் கன்சர்வேடிவ் கட்சி அடித்துச் செல்லப்படும் என்று கண்டு ராஜினாமா செய்தார்.

அந்த ராஜினாமாவுக்கு முன் அவர் வகித்த பதவி, அன்றைய தமிழில் சொன்னால், 'இந்தியா மந்திரி'. 1866 ஜூலையில் பொறுப்பேற்றார். அப்போது ஒரிசாவில் பஞ்சம். கவலைப்பட ஒன்றுமில்லை என்ற அதிகாரிகளின் பேச்சை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். அதற்குள் மழைக்காலக் கடல் துறைமுகங்களை அடைத்துவிட்டது. தானியம் அனுப்ப வழியில்லை. இறந்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அந்தப் பழியிலிருந்து தான் விடுபட்டதாக ஒருபோதும் நினைக்க முடியவில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

அப்படிச் சொன்னவர் மறுபடி 1874 முதல் 1878 ஏப்ரல் வரை இந்தியா மந்திரி. அதாவது நம் பாட்டிமார் பேச்சில் தாது வருஷப் பஞ்சம் என்று தங்கிப்போன அந்தப் பஞ்சத்தின் மோசமான மாதங்களில் லண்டனில் பொறுப்பாளி இவர். 1876-இல் மழை பொய்த்தது. 1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அதே மாதம் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிளை மதராஸுக்கு அனுப்பினார். இந்த டெம்பிள் 1874 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்துப் பெரும் சாவைத் தடுத்தவர். அதற்காகவே ஊதாரி என்று திட்டும் வாங்கியவர். அந்தப் பெயரைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று மதராஸில் கையை இறுக்கினார். நிவாரண வேலையில் கல் உடைத்த ஆளுக்கு நாளுக்கு ஒன்றரை பவுண்டு தானியம் என்று இருந்த அளவு ஒரு பவுண்டாகக் குறைந்தது. சுமார் 450 கிராம். மேலே கறி, உப்பு, விறகுக்கு ஓர் அணா. வெயிலில் நாள்முழுக்க உழைக்கும் உடம்புக்கு இது எமக்கூலி. மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் உடனே எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் மதராஸ் அரசு அளவைக் கொஞ்சம் உயர்த்தவேண்டி வந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று கணிக்கிறார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் இந்தப் பஞ்சக் கூலிகள்தான். பெயர் அன்றைய கவர்னரான பக்கிங்ஹாம் கோமகனுடையது.

ஒரிசாவில் கற்ற பாடம் மதராஸில் பயன்படவில்லை. ஏன்? அவருக்கு விவரம் தெரியாமல் இல்லை. 1875-இல் அவர் எழுதிய ஒரு குறிப்பை நம் தேசியவாதிகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார்கள். இந்தியாவின் ரத்தத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால், ரத்தம் தேங்கிய இடத்தில் கத்தியை வையுங்கள், ஏற்கெனவே சோகை பிடித்த இடத்தில் வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் அவர் கொடூரமாகப் பேசியதாகச் சொல்கிறார்கள். முழுவதும் படித்தால், விவசாயிமீது வரிச்சுமை அதிகம், நகரத்துப் பணக்காரர் தப்பிக்கிறார்கள், இந்திய வருவாய் ஈடின்றி வெளியே போகிறது என்று சரியாகவே கண்டவர் தெரிகிறார். கண்டும், ரத்தம் எடுப்பதையே நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் கொடூரம்.

அதே காலத்தில் இன்னும் இரண்டு காரியங்கள் செய்தார். லங்காஷயர் ஆலைகளுக்காகப் பருத்தித் துணி இறக்குமதி வரியை எடுக்கச்சொல்லி நெருக்கினார். வைஸ்ராய் நார்த்புரூக் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஐ.சி.எஸ். தேர்வு எழுதும் வயது வரம்பை 21-இலிருந்து 19 ஆக்கினார். லண்டன் போய் எழுத வேண்டிய தேர்வு அது. 19 வயதுக்குள் என்றால் இந்தியப் பையன்களுக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியது மாதிரி. அதை எதிர்த்துத்தான் சுரேந்திரநாத் பானர்ஜி நாட்டைச் சுற்றிவந்து கூட்டங்கள் போட்டார். காங்கிரஸ் பிறப்பதற்கு முன் நடந்த பெரிய அகில இந்தியக் கிளர்ச்சி அது.

பிரதமராக அவர் மூன்று முறை, 1885-இலிருந்து 1902-க்குள் மொத்தம் 13 வருஷத்துக்கு மேல். பெரும்பாலும் வெளியுறவையும் தானே வைத்துக்கொண்டார். ஜனநாயகத்தை நம்பாதவர் இவ்வளவு தேர்தல்களை ஜெயித்தது எப்படி? கணக்கால்தான். 1884-இல் வாக்குரிமை கிராமத் தொழிலாளிவரை போவதைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், பிரபுக்கள் சபையில் மசோதாவை நிறுத்திவைத்து, எதிர்க்கட்சித் தலைவராக, பிரதமர் கிளாட்ஸ்டனுடன் தனியறையில் பேரம் பேசினார். விலை: தொகுதிகளைப் புதிதாக வெட்ட வேண்டும், பெரும்பாலானவற்றில் ஓர் உறுப்பினர்தான். அதுவரை ஒரு நகரம் முழுக்க ஒரே தொகுதி, இரண்டு உறுப்பினர்கள் என்பதே வழக்கம். துண்டுபோட்டதும் நகர ஓரத்து நடுத்தர வர்க்கக் குடியிருப்புகள் தனித் தொகுதிகளாகி அவர் கட்சிக்கு வந்தன.

1888 நவம்பரில் எடின்பரோவில் பேசும்போது, ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு ஆங்கிலேயத் தொகுதி எதுவும் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை என்றார். 1886-இல் ஹோல்பர்னில் தோற்ற தாதாபாய் நௌரோஜியைத்தான் சொன்னார். அந்தப் பேச்சே நௌரோஜியின் பெயரை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1892-இல் மத்திய ஃபின்ஸ்பரியில் நௌரோஜி விரல்விட்டு எண்ணும் வாக்குகளில் ஜெயித்தார். அதே தேர்தலில் சாலிஸ்பரியின் ஆட்சி போனது.

வீட்டில் அவர் வேறு ஆள். ஹாட்ஃபீல்டில் சொந்தமாக ரசாயனக் கூடம் வைத்திருந்தார். மின்விளக்கு வந்த புதிதில், தானே முன்னின்று மாளிகைக்குக் கம்பி இழுத்தார். கம்பியின் உறை சரியில்லாமல் நீண்ட கூடத்தின் மேற்கூரையில் அவ்வப்போது தீப்பொறி பற்றும். கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மெத்தைத் தலையணைகளை எடுத்து மேலே வீசித் தீயை அணைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். அப்பாவோடு சரிக்குச் சரி வாதாட ஐந்து மகன்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் முழு உரிமை இருந்தது. அந்தச் சாப்பாட்டு மேசையில் பழகியவர்கள்தான் அடுத்த தலைமுறை.

தங்கை மகனா அக்காள் மகனா என்ற கேள்வி பால்ஃபரைப் பற்றி எழும். அம்மா பிளான்ச், சாலிஸ்பரியின் உடன்பிறந்தவர், அவ்வளவு போதும். 1874-இல் ஹாட்ஃபீல்டுக்குப் பக்கத்து ஹெர்ட்ஃபோர்டில் உறுப்பினர், 1878-இல் பெர்லின் மாநாட்டில் மாமாவின் செயலர், 1887-இல் அயர்லாந்து நிர்வாகம், 1902-இல் மாமா விலகியதும் பிரதமர். 1900-இல் சாலிஸ்பரி அரசை மாற்றியமைத்தபோது உடன்பிறந்தவரின் மகன்கள் இருவர், மகளைக் கட்டிய செல்போர்ன், மூத்த மகன் கிரான்போர்ன் என்று சொந்தக்காரர்கள் நிறைந்தார்கள். லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் செசில் மாளிகை இருந்த மனையில் அப்போது 'ஹோட்டல் செசில்' என்று பெரிய விடுதி இருந்தது. எதிர்க்கட்சியினர் அந்தப் பெயரையே அரசுக்குச் சூட்டிவிட்டார்கள். உறவுக்காரர் என்பதால் நுழைய முடிந்தது, தாக்குப்பிடிப்பது வேறு. பால்ஃபர் 1906-இல் தன் சொந்த மான்செஸ்டர் தொகுதியையே இழந்தார்.

மகன்களில் லார்ட் ராபர்ட் உலக நாடுகள் சங்கத்தின் சாசனம் எழுதியவர்களில் ஒருவர். 1937-இல் அமைதிக்கான நோபல் பரிசு. லார்ட் ஹியூ 1911 ஜூலையில் பிரதமர் ஆஸ்குவித்தைக் காமன்ஸ் சபையில் பேசவே விடாமல் கூச்சலிட்டு அடக்கியவர்களின் தலைவர். மூத்தவர் நான்காம் மார்க்விஸ் 1935-ஆம் வருஷத்து இந்தியச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் கடைசிவரை எதிர்த்தார்.

அவருடைய மகன் ஐந்தாம் மார்க்விஸ் விட்டுப்போன ஒரு ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1945-இல் தொழிற்கட்சி காமன்ஸில் 393 இடங்களோடு வந்தது. பிரபுக்கள் சபையில் அந்தக் கட்சிக்கு வெறும் 16 பேர். எந்த மசோதாவையும் தோற்கடிக்கலாம். ஆனால் அவர் அந்தச் சபையில் ஆளும் தரப்புத் தலைவரான ஆடிசனுடன் பேசி, தேர்தல் அறிக்கையில் சொன்ன மசோதாவை இரண்டாம் வாசிப்பில் (மசோதாவின் அடிப்படை நோக்கத்தை விவாதிக்கும் கட்டத்தில்) வீழ்த்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார். சாலிஸ்பரி மரபு என்பது அதுதான். தாத்தாவின் வாதம், மக்களைக் கேட்காத மசோதாவைத் தடுக்கலாம் என்பது. பேரன் அதையே திருப்பிப்போட்டார்: மக்களைக் கேட்டாயிற்று, தடுக்கக்கூடாது. கொள்கைப் பிடிவாதத்திலும் குறைவில்லை. 1938-இல் வெளியுறவு மந்திரி ஈடனோடு சேர்ந்து ஒரு முறை, 1957-இல் சைப்ரஸின் விடுதலைத் தலைவர் பேராயர் மக்காரியோஸை விடுவித்ததற்காக இன்னொரு முறை பதவி விலகினார்.

அவர் 1941-இல், அப்பா உயிரோடு இருக்கும்போதே, பிரபுக்கள் சபைக்குள் வந்தவர். இது ஒரு தனி வழி. ஒரு மார்க்விஸுக்குக் கீழ்ப்பட்டங்கள் பல இருக்கும்; அன்று அவற்றில் ஒன்றை மூத்த மகனுக்கு முன்கூட்டியே கொடுத்து அழைத்துக்கொள்ள முடிந்தது. செசில்களுக்கு அந்தப் பட்டம் 'எசென்டன் செசில் பிரபு'. கடைசியாக இந்த வழியில் வந்தவரும் இவர் பேரன்தான். தெற்கு டார்செட் தொகுதியின் பழைய உறுப்பினர், 1992-இல் உள்ளே வந்து 1994 முதல் 1997 வரை சபையின் தலைவராக இருந்தார்.

1998-இல் பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களை மொத்தமாக வெளியேற்றத் தயாரானது. அப்போது கிரான்போர்ன் என்று அழைக்கப்பட்ட அந்தப் பேரன், தன் கட்சித் தலைவர் ஹேக்குக்குத் தெரியாமல் பிளேர் தரப்புடன் பேசி, 92 பேர் தங்கலாம் என்று முடித்தார். ஹேக் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். ஒப்பந்தம் நின்றது, 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏறியது. அவரே சபையில் நீடித்தது சபையின் முன்னாள் தலைவர் என்பதற்காகக் கிடைத்த ஆயுட்காலப் பட்டத்தால். 2003-இல் அப்பா இறந்து ஏழாம் மார்க்விஸ் ஆனபோது, ஹாட்ஃபீல்டு மாளிகையும் 1605-ஆம் வருஷத்து ஏர்ல் பட்டமும் சேர்ந்து வந்தன. அவற்றோடு சபையில் ஓர் இடம் வரவில்லை. ஆயுட்காலப் பட்டத்தில் உட்கார்ந்திருந்த இடத்தையும் 2017-இல் விட்டு ஓய்வுபெற்றார்.